அடுக்கிப் போட்ட நாற்காலி

எங்கள் ஊரில் நூறு கிலோவைத் தாண்டியவர்களுக்குத் துருப் பிடிக்கும். ஒரு பக்கம் கடலும் மறுபக்கம் உப்பளமும் இருக்கிற ஊர். ஜன்னல் கம்பி, சைக்கிள் மணி, லாரி எல்லாம் துருப் பிடிக்கிற இடத்தில் பருத்த மனிதர்களை மட்டும் காற்று விட்டுவைக்கும் என்று யாரும் எதிர்பார்ப்பதில்லை. முதலில் முழங்காலில் செம்பழுப்பாக ஒரு திட்டு வரும். பிறகு இடுப்பு. உட்கார்ந்து எழுந்தால் அந்த இடத்தில் தூள் கிடக்கும். எங்களைப் போன்றவர்கள் வெள்ளை வேட்டி கட்டுவதில்லை. காவி நிறக் கைலிதான். பழைய இரும்புக் கடைப் பக்கமும் போகமாட்டோம். அங்கே காந்தம் வைத்த கிரேன் இருக்கிறது.

எனக்கு நூற்றுப் பதினெட்டு கிலோ. உப்பு லாரிகளை நிறுத்தி எடை பார்க்கும் மேடையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்பதால் என் எடையை வேறு யாரும் எனக்குச் சொல்லத் தேவையில்லை. எனக்குக் கழுத்தில் பிடித்தது. இடது பக்கம் திரும்பிய நிலையில் அப்படியே பிடித்துக்கொண்டது.

ஏன் இடது பக்கம் என்றால், என் வீட்டுக்கு நேர் எதிரே சுயம்புலிங்கத்தின் வீடு இருக்கிறது. சுயம்பு என் மனைவி செல்லக்கனியின் தம்பி. அவன் மகள் கல்யாணத்துக்குப் பிறகு நான் அவன் முகத்தைப் பார்ப்பதில்லை. வாசலில் உட்காரும்போதெல்லாம் முகத்தை இடது பக்கம் திருப்பிக்கொள்வேன். அந்தப் பக்கம் ஒரு தண்ணீர்த் தொட்டியும் ஒரு டிரான்ஸ்ஃபார்மரும் இருக்கின்றன. பதினாறு வருஷமாக அவற்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இந்தப் பொங்கலுக்கு மறுநாள் முகத்தைத் திருப்பப் பார்த்தேன். வரவில்லை.

செல்லக்கனி எப்போதும் என் வலது பக்கத்தில்தான் உட்காருவாள். அதனால் பொங்கலுக்குப் பிறகு அவளை நான் பார்க்கவில்லை. குரல் கேட்கும். தட்டோடு ஒரு கை வரும். உடம்பு முழுவதையும் திருப்பினால் பார்க்கலாம்தான். ஆனால் இடுப்பிலும் துரு இருந்ததால் நான் திரும்பி முடிப்பதற்குள் அவள் அடுப்படிக்குப் போயிருப்பாள். இடது பக்கம் வந்து உட்காரச் சொன்னேன். அவள் வரவில்லை.

“நான் அந்தப் பக்கம் வந்துட்டா, நீங்க இந்தப் பக்கம் திரும்பவே மாட்டீங்க” என்றாள்.

மாசி மாதத்தில் துரு கழுத்திலிருந்து தொண்டைக்கு இறங்கியது. முதலில் தோசை இறங்க மறுத்தது. பிறகு குழைத்த சோறு. கஞ்சிக்கு வந்தபோது செல்லக்கனி என்னை லெத்திசியா டாக்டரம்மாவிடம் அழைத்துப் போனாள்.

லெத்திசியா டாக்டரம்மா அக்குபஞ்சர் பார்ப்பவர். மீன் வலை விற்கும் கடைக்குப் பின்னால் அவருடைய இடம். வாசலில் காந்தம் கொண்டுவரக் கூடாது என்று எழுதியிருக்கும். உள்ளே கல் பெஞ்சுகள். தரை துருத் தூளில் சிவந்திருக்கும், தூளைப் பெருக்கிப் பெருக்கி வாளியில் அள்ளி வைத்திருப்பார்கள்.

உடம்புக்குள் துருவைத் துடைக்கிற காவல்காரர்கள் இருக்கிறார்கள். படித்தவர்கள் அவர்களை ஆன்டிஆக்ஸிடன்ட் என்பார்கள். எனக்கு ஐந்தாம் வகுப்போடு படிப்பு நின்றுவிட்டது, அதற்கு யார் காரணம் என்பதும் எனக்குத் தெரியும். நாங்கள் காவல்காரர் என்றுதான் சொல்வோம். பிறக்கும்போதே ஆளுக்கு இத்தனை பேர் என்று ஒதுக்கிவிடுகிறார்கள். பிறகு உடம்பு பருத்தால் ஆள் கூட்டித் தருவதில்லை. ஒற்றை அறை வீட்டுக்கு வைத்த காவலாளியைக் கல்யாண மண்டபத்தைச் சுற்றி வரச் சொன்னால் அவன் எத்தனை நாள் சுற்றுவான்? நடந்து அலுத்து, துடைக்கிற துணியையே விரித்துப்போட்டு ஏதாவது ஒரு மூலையில் படுத்துவிடுகிறார்கள். காற்று உள்ளே வந்துவிடுகிறது.

ஊசி அவர்களை எழுப்புவதற்கு. முடியைவிடக் கொஞ்சம் தடிமனான ஊசி. குத்தியதும் டாக்டரம்மா அதை இரண்டு விரலால் உருட்டுவார். பிறகு ஊசியின் தலையில் காதை வைத்துக் கேட்பார். தூங்கிக்கொண்டிருந்தவர் விழித்துக்கொண்டால் உள்ளேயிருந்து விசில் சத்தம் வரும். ஒருவர் ஊதினால் அடுத்த தெருவில் இன்னொருவர் ஊதுவார். அப்படியே உடம்பு முழுக்க ரோந்து தொடங்கிவிடும்.

ஐஸ் கம்பெனி ஞானதிரவியத்துக்கு இரண்டு முழங்காலும் பிடித்திருந்தன. நான் போன அன்றைக்கு அவர் பெஞ்சிலிருந்து எழுந்து, தன் கால்கள் பளபளப்பதை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்து, “என்ன அண்ணாச்சி, இன்னும் டிரான்ஸ்ஃபார்மரத்தான் பாத்துக்கிட்டு இருக்கீங்களோ?” என்று கேட்டார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அதை நான் மனதில் வைத்துக்கொண்டேன்.

எனக்கு முதல் முறை குத்தியபோது விசில் வரவில்லை. இரண்டாம் முறையும் வரவில்லை. அடுத்த முறை டாக்டரம்மா தொப்புளைச் சுற்றி, முழங்காலுக்குக் கீழே, கணுக்காலுக்கு உள்பக்கம், கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே என்று ஓர் இடம் விடாமல் ஊசி போட்டார். ஒவ்வொன்றிலும் காதை வைத்தார்.

“அண்ணாச்சி, உங்களுக்குள்ள ஒரு ஆளையும் காணோமே” என்றார்.

செத்துவிட்டார்களா என்று கேட்டேன். செத்திருந்தால் வாசம் வரும் என்றார்.

அவர் கையில் ஒரே ஓர் ஊசி மிச்சம் இருந்தது. அதை வலது விலாவுக்குக் கீழே போட்டார். காதை வைக்கத் தேவையே இருக்கவில்லை. அத்தனை விசிலும் அங்கேதான் இருந்தன. வரிசையில் காத்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள் என்று செல்லக்கனி பிறகு சொன்னாள். என்னால் பார்க்க முடியவில்லை.

டாக்டரம்மா ஊசியை உருட்டினார். கொஞ்ச நேரத்தில் ஊசியைப் பிடித்துக்கொண்டு ஒரு காவல்காரர் ஏறி வந்தார். தீக்குச்சி உயரம் இருந்தார் என்று சொன்னார்கள். காக்கிச் சட்டை, நரைத்த மீசை, தோளில் நெல்லிக்காய் வாசம் அடிக்கிற துணி. அவர் டாக்டரம்மாவைக் கண்டுகொள்ளவில்லை. எனக்கு மட்டும் சல்யூட் வைத்தார்.

ஏன் யாரும் ரோந்து போவதில்லை என்று டாக்டரம்மா அவரிடம் கேட்டார். அத்தனை பேரும் ஒரே இடத்தில் காவலுக்கு நிற்பதாக அவர் சொன்னார். ஐயாவின் உத்தரவு அப்படி. போன வாரம் புதிதாகச் சின்னதாக ஒன்று வந்தது, டிரான்ஸ்ஃபார்மர் சம்பந்தப்பட்டது, அதற்கும் ஓர் ஆளைப் போட்டாயிற்று. மற்றவர்கள் எல்லோரும் பெரியதைச் சுற்றி நிற்கிறார்கள்.

பெரியது என்ன என்று டாக்டரம்மா கேட்டார்.

“நாற்காலிங்கம்மா” என்றார் காவல்காரர். “ரெண்டு. ஒண்ணு மேல ஒண்ணு.”

சுயம்புவின் மகள் கல்யாணத்தன்று சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். இலை போட்டுத் தண்ணீர் தெளித்தாயிற்று. நான் போய் உட்காரப் போனேன். சுயம்பு கையில் சாம்பார் வாளியோடு ஓடி வந்தான். வாளியைக் கீழே வைத்தான். எனக்குப் போட்டிருந்த நாற்காலியின் மேல் இன்னொரு நாற்காலியைத் தூக்கிப் போட்டு அழுத்தினான். “அத்தான், இப்ப உக்காருங்க. ஒண்ணு தாங்காது” என்றான். மாப்பிள்ளை வீட்டார் எதிர் வரிசையில் இருந்தார்கள். முதலில் அவர்கள் சிரித்தார்கள். அப்புறம் எங்கள் வரிசையும் சிரித்தது. நான் கை கழுவாமலே வெளியே வந்தேன். சாப்பிடாமல் வந்தேன். செல்லக்கனி வரவில்லை. அவள் சாப்பிட்டுவிட்டுத்தான் வந்திருப்பாள். அவளிடம் நான் கேட்டதில்லை, ஆனால் அதையும் மறக்கவில்லை.

டாக்டரம்மா ஊசிக்குப் பக்கத்தில் குனிந்தார். நாற்காலி எதில் செய்தது என்று கேட்டார். பிளாஸ்டிக் என்றார் காவல்காரர்.

“பிளாஸ்டிக்குல துரு புடிக்காதே, பெரியவரே.”

“துரு புடிக்காமப் பாத்துக்கன்னு ஐயா சொன்னாரு. பதினாறு வருஷமா ஒரு பொட்டுத் துரு கிடையாது” என்றார் காவல்காரர். அவர் குரலில் பெருமை இருந்தது. எனக்கும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அவர்களை எப்படி வேறு வேலைக்கு மாற்றுவது என்று டாக்டரம்மா விசாரித்தார். நாற்காலி இருக்கிற வரைக்கும் மாற்ற முடியாது, நாற்காலியைப் போட்டவர் தன் கையால் எடுத்தால்தான் காவல் கலையும் என்றார் அவர். பிறகு எனக்கு மறுபடியும் சல்யூட் வைத்துவிட்டு ஊசி வழியே இறங்கிப் போனார்.

டாக்டரம்மா ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்தார். கடலிலிருந்து கொண்டல் காற்று வரத் தொடங்கினால் தொண்டை முழுக்க அடைத்துக்கொள்ளும், அதன் பிறகு துருவுக்குள் ஊசி இறங்காது, கஞ்சியும் இறங்காது என்று என்னிடம் சொல்லாமல் செல்லக்கனியிடம் சொன்னார்.

வீட்டுக்கு வந்ததும் செல்லக்கனி என் சட்டையைக் கழற்றி என் இடது பக்கம் விரித்துக் காட்டினாள். சட்டை முழுக்கத் துருக் கறை. வலது விலாப் பக்கம் மட்டும் கடையில் வாங்கிய அன்றைக்கு இருந்த மாதிரி இருந்தது.

“எல்லாச் சட்டையும் இப்படித்தான் இருக்கு. உள்ள என்னத்தையோ வெச்சிருக்கீங்கன்னு எனக்கு எப்பவோ தெரியும்” என்றாள்.

சுயம்புவைக் கூப்பிடட்டுமா என்று கேட்டாள். கூடாது என்றேன். மறுநாளும் கேட்டாள். அப்போதும் கூடாது என்றேன். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் குரல் மெலிந்துகொண்டே வந்தது. சித்திரை முடிந்தபோது தொண்டையில் ஒரே ஒரு சொல் போகிற வழிதான் மிச்சம் இருந்தது. அதை நான் செலவழிக்கவில்லை. என்றைக்காவது சுயம்பு என் முன்னால் வந்து நின்றால் அவனுக்குச் சொல்வதற்கென்று வைத்திருந்தேன். எந்தச் சொல் என்பதில்தான் முடிவுக்கு வர முடியவில்லை. நல்ல சொற்களாகப் பல இருந்தன.

ஒரு சாயங்காலம் தண்ணீர்த் தொட்டியின் மேல் இருந்த காக்கைகள் எல்லாம் கடலைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தன. காற்று மாறப் போகிறது என்பதற்கு அதுதான் அடையாளம். செல்லக்கனி கஞ்சியைக் கரண்டியால் ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதி வெளியே வழிந்தது. துடைத்தாள்.

“பொங்கல்ல இருந்து உங்க வலது காதைத்தான் பாத்துட்டு இருக்கேன்” என்றாள். “நல்ல காதுதான். இருந்தாலும் அது காதுதானே.”

நான் கொஞ்ச நேரம் டிரான்ஸ்ஃபார்மரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு கையைத் தூக்கி எதிர் வீட்டுப் பக்கம் நீட்டினேன். தோள் கிறீச்சிட்டது. அவள் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டுத் தெருவைக் கடந்து போகிற சத்தம் கேட்டது.

மறுநாள் காலையில் சுயம்பு டாக்டரம்மாவிடம் வந்தான். அவன் ஒல்லியான ஆள், ஐம்பத்திரண்டு கிலோ இருந்தால் அதிகம். துரு அவன் பக்கம் வராது. ஆனால் முதுகு வளைந்து, ஏதோ வாளிக்குள் எட்டிப் பார்க்கிறவன் மாதிரித் தரையைப் பார்த்துக்கொண்டுதான் நடப்பான் என்று ஊரில் சொல்வார்கள். வயதாகிவிட்டது என்று நினைத்திருந்தேன். என்னைவிடப் பத்து வயது இளையவன்.

டாக்டரம்மா என்னை நிற்க வைத்து வலது விலாவுக்குக் கீழே ஊசியைப் போட்டார். விசில்கள் ஊதின. சுயம்பு ஊசியை ஓரமாக நகர்த்திவிட்டு, அந்தத் துளைக்குள் இரண்டு விரலை விட்டான். முதலில் நாற்காலிக் கால்கள் வந்தன. பிறகு கைப்பிடி. முதுகுச் சாய்மானம் வரும்போது மட்டும் நான் மூச்சை உள்ளே இழுக்க வேண்டியிருந்தது. வெளியே எடுத்து என் இடது பக்கம் தரையில் வைத்தான். வெள்ளை நாற்காலி. அந்த வெள்ளையை நான் கடைசியாகக் கல்யாண மண்டபத்தில்தான் பார்த்தேன்.

காவல் கலையவில்லை. காவல்காரப் பெரியவர் துளையின் விளிம்பில் வந்து நின்றார். போட்டது இரண்டு, வந்திருப்பது ஒன்றாக இருக்கிறது, கணக்கில் எடுத்துக்கொள்ள முடியாது என்றார்.

அவர் சொன்னது நியாயம். பிளாஸ்டிக் நாற்காலியை அடுக்கி அழுத்திவிட்டால் ஒட்டிக்கொள்ளும். அதுவும் பதினாறு வருஷம். சுயம்பு ஒரு காலால் மிதித்துக்கொண்டு மேலே இருந்ததை இழுத்தான். வரவில்லை. டாக்டரம்மா சோப்புத் தண்ணீர் ஊற்றினார். வரவில்லை.

“அத்தான், நீங்க அந்தப் பக்கம் புடிங்க” என்றான் சுயம்பு.

அடுக்கிய நாற்காலியைப் பிரிக்க ஒரு வழிதான் உண்டு. ஒருவர் அடி நாற்காலியைப் பிடிக்க வேண்டும், ஒருவர் மேல் நாற்காலியைப் பிடிக்க வேண்டும், எதிரெதிரே நின்று ஒரே நேரத்தில் இழுக்க வேண்டும். வேறு பக்கம் பார்த்துக்கொண்டு இழுத்தால் நாற்காலி கோணலாகி இன்னும் இறுகும். எடை மேடையில் இருந்தபோது டீக்கடை நாற்காலிகளை நானே அப்படிப் பிரித்திருக்கிறேன். கண்ணைக் கண் பார்த்தால்தான் நேரம் சேரும்.

நான் அடி நாற்காலியைப் பிடித்தேன். வெளியே தென்னை ஓலைகள் சத்தம் போட ஆரம்பித்திருந்தன. கொண்டல் வந்துவிட்டது. சுயம்பு மேல் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, வளைந்த முதுகோடு தலையை மட்டும் தூக்கி என்னைப் பார்க்க முயன்றுகொண்டிருந்தான். அவன் கழுத்து நரம்பு புடைத்தது என்று நினைக்கிறேன். மூச்சு வாங்குவது கேட்டது.

அவனுக்கென்று வைத்திருந்த சொற்களை எல்லாம் ஒருமுறை நினைத்துப் பார்த்தேன். வழி ஒன்றுதான் இருந்தது.

“இழு” என்றேன்.

இரண்டு பேரும் இழுத்தோம். என் கழுத்து பழைய கேட்டைத் திறக்கிற மாதிரிச் சத்தம் போட்டுக்கொண்டு வலது பக்கம் வந்தது. தண்ணீர்த் தொட்டி இருக்க வேண்டிய இடத்தில் சுயம்புவின் முகம் இருந்தது. மீசையை எடுத்துவிட்டிருந்தான். நாற்காலிகள் பிரிந்து நாங்கள் இரண்டு பேரும் பின்னால் போய் விழுந்தோம். நான் விழுந்த இடத்தில் ஒரு படி துரு கொட்டியது.

பெரியவர் ஒரு நீண்ட விசில் ஊதினார். எனக்குள் விலாவிலிருந்து தோளுக்கும் இடுப்புக்கும் முழங்காலுக்கும் ஓடுகிற கால்களின் சத்தம் கேட்டது. தொண்டைக்கு நாலைந்து பேர் வந்தார்கள். நெல்லிக்காய்ப் புளிப்பு நாக்குக்கு ஏறியது.

அடியில் இருந்த நாற்காலிக்கு ஒரு காலில் மேலிருந்து கீழ்வரை விரிசல் இருந்தது. மேலே இருந்தது நல்ல நாற்காலி. நானும் பார்த்தேன், சுயம்புவும் பார்த்தான். விரிசல் விட்டதை அவன் தலைமேல் கவிழ்த்துக்கொண்டு வீட்டுக்குப் போனான். நல்லதை நான் கொண்டுவந்தேன்.

அதை வாசலில் போட்டு, எதிர் வீட்டை நேராகப் பார்த்து உட்கார்ந்தேன். தாங்கியது. ஒன்றே தாங்கியது. இதை நான் சுயம்புவிடம் சொல்லப் போகவில்லை. அவன் ஜன்னலில் நின்று பார்க்கிற நேரமாகப் பார்த்து உட்கார்ந்தேன், அவ்வளவுதான். அவன் மேல் எனக்கிருந்த கோபம் தீர்ந்துவிட்டது என்று யாரும் நினைக்க வேண்டாம். காவல் இல்லாமல் வெளியே கிடக்கிறது. தானாகத் துருப் பிடித்தால் பிடிக்கட்டும். ஞானதிரவியம் சொன்னதற்கு மட்டும் ஓர் ஆள் இன்னும் உள்ளே நிற்கிறார்.

பிறகு வலது பக்கம் திரும்பினேன். செல்லக்கனி உட்கார்ந்திருந்தாள். மூக்குத்தி வேறாக இருந்தது. எப்போது மாற்றினாய் என்று கேட்டேன். பங்குனியில் என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். திருப்பிய கழுத்தை ரொம்ப நேரம் அப்படியே வைத்திருந்தேன். “மறுபடி புடிச்சுக்கப் போவுது” என்றாள். பிடித்துக்கொள்ளட்டும் என்றேன்.

அந்த வாரக் கடைசியில் சுயம்புவின் முதுகுக்கு ஊசி போட டாக்டரம்மா அவன் வீட்டுக்கே வந்தார். ஒல்லியானவர்களுக்குள்ளும் காவல்காரர்கள் இருக்கிறார்கள். இடுப்பில் ஊசி இறங்கியதும் சுயம்பு நிமிர்ந்தான். அவன் உள்ளே காவல் போட்டு வைத்திருந்ததை வெளியே எடுத்தபோது அவன் வீட்டில் வைக்க இடம் போதவில்லை. அதனால் தெருவில் எடுத்து வைத்தார்கள். அவன் வாசலிலிருந்து என் வாசல்வரை ஒரு முழுப் பந்தி. நீளமான மேஜைகள், அவற்றின் மேல் காகித விரிப்பு, இலைகள், இலைகளில் தெளித்த தண்ணீர். தண்ணீர் இன்னும் காயவில்லை. சோற்றில் ஆவி பறந்தது. அவனுடைய காவல்காரர்கள் மேஜை நெடுகிலும் நின்று துணியால் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார்கள். சைக்கிளில் வந்தவர்கள் இறங்கி உருட்டிக்கொண்டு போனார்கள்.

கல்யாணத்தன்று பந்தியில் உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஓர் இலைக்கு மட்டும் ஆளும் இல்லை, நாற்காலியும் இல்லை. அதற்குப் பக்கத்தில் பதினாறு வருஷம் இளைய செல்லக்கனி, அன்றைக்குக் கட்டியிருந்த மாம்பழ நிறப் பட்டோடு இருந்தாள். அவள் இலையில் எல்லாம் பரிமாறியிருந்தது. அவள் கை வைக்கவில்லை. சோற்றில் விரல் பட்ட தடம்கூட இல்லை. தெரு முனையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அத்தான், சாப்பிட வாங்க” என்றான் சுயம்பு.

என் வாசலில் இருந்த நாற்காலியைத் தூக்கிக்கொண்டு போய் அந்த இலைக்கு முன்னால் போட்டு உட்கார்ந்தேன். என் வீட்டுச் செல்லக்கனி அடுப்பை அணைத்துவிட்டு வந்து எனக்கு வலது பக்கம் உட்கார்ந்தாள். மாம்பழப் பட்டுக்காரி இடது பக்கம் இருந்தாள். ஆறிப்போவதற்குள் சாப்பிடச் சொன்னாள். நான் ஒருமுறை இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன், ஒருமுறை அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தேன். கழுத்து இரண்டு பக்கமும் வந்தது.

சுயம்பு சாம்பார் வாளியோடு வந்தான். நிமிர்ந்துவிட்டதால் அவனால் குனிந்து ஊற்ற முடியவில்லை. என் முழங்கையிலிருந்து மூன்று காவல்காரர்கள் இறங்கி வந்து, துணியைத் தோளில் போட்டுக்கொண்டு, அவன் கையிலிருந்த கரண்டியை வாங்கிக்கொண்டார்கள். முதலில் இரண்டு செல்லக்கனிக்கும் ஊற்றச் சொன்னேன்.